இருபது படங்களும் ஒரு சிவப்புப் பேனாவும்

நான் ஓவியன். விசிட்டிங் கார்டில் அப்படித்தான் போட்டிருக்கிறது. (அடித்ததில் முக்கால்வாசி இன்னும் அலமாரியில் இருக்கிறது.) உண்மையில், நான் வரைந்த படங்களைவிடத் திருத்திக் கையெழுத்துப் போட்ட படங்களே அதிகம். கடலூரில் வீடு, சிதம்பரத்தில் டிராயிங் மாஸ்டர் உத்தியோகம். பிள்ளைகளின் நோட்டுகளை பஸ்ஸிலேயே திருத்திவிடுவேன். ஆலப்பாக்கத்துக்குள் ஆறாம் வகுப்பு, புதுச்சத்திரத்துக்குள் ஏழாம் வகுப்பு.

2011இல் என் மகள் கவிதாவுக்கு ஓவியப் படிப்புக்கான நேர்காணல். அதுவும் சிதம்பரத்தில்தான். ஒரு வருஷமாக வரைந்த இருபது படங்களைக் காட்ட வேண்டும். வேறு எங்கும் அவள் விண்ணப்பம் போடவில்லை. பஸ் ஏறினோம். கசங்கிவிடும் என்று படங்கள் இருந்த ஃபைலை வாங்கி என் மடியில் வைத்துக்கொண்டேன். அவள் ஜன்னலில் சாய்ந்து தூங்கிவிட்டாள். நான் கவலையோடு ஒவ்வொரு படமாகப் புரட்டிக்கொண்டு வந்தேன்.

சிதம்பரத்தில் கண் விழித்தவள் ஃபைலைத் திறந்தாள்.

"இன்னாப்பா பண்ணி வச்சிருக்க?"

அப்போதுதான் நானும் பார்த்தேன். இருபதிலும் சிவப்பு டிக், என் கையெழுத்து, தேதி. துறைமுகத்தில் மீன் விற்கும் அம்மாளின் படத்தில் 'மூக்கு நீளம். 6/10.' (அந்த அம்மாளுக்கு மூக்கு நீளம்தான்.)

கவிதா அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. ஃபைலை எடுத்துக்கொண்டு நேர்காணல் அறைக்குள் போனாள்.

படங்களைப் பார்த்த பேராசிரியை, "யாரும்மா இந்த சாரு? ரொம்ப கறாரா மார்க் போட்டிருக்காரே" என்று கேட்டாராம்.

"எங்கப்பாதான் மேடம். வெளிய பெஞ்சுல உக்காந்திருக்காரு."

பேராசிரியை ஒரு வெள்ளைத் தாளை நீட்டி, அப்படியானால் அவரையே வரைந்து காட்டு என்றாராம். இது எதுவும் எனக்குத் தெரியாது. கவிதா பலகையோடு வாசலில் வந்து நின்றாள்.

"ஆடாம உக்காருப்பா. இன்னிக்கு அதாவது செய்."

பத்து நிமிஷம் நகத்தைக் கடித்தபடியே உறைந்திருந்தேன். இடம் கிடைத்தது. இருபது படங்களுக்காக இல்லை, அந்த ஒன்றுக்காக.

அது இப்போது எங்கள் கூடத்தில் தொங்குகிறது. ஓரத்தில் சிவப்பு மையில் அவளே எழுதியிருக்கிறாள்: 'முகத்தில் கலவரம் நன்றாக வந்திருக்கிறது. 10/10.' நான் யாருக்கும் பத்துக்குப் பத்து போட்டதில்லை. கல்யாணப் பத்திரிகை வைக்க வருகிறவர்களிடம் என் மனைவி, "அவுரு கையில குடுக்காதீங்க, மார்க் போட்டுருவாரு" என்று இன்றும் சொல்கிறாள்.

கவிதாவும் இப்போது ஓவியர், டிராயிங் டீச்சர். போன வாரம் பஸ்ஸில் அவள் மடியில் நோட்டுக் கட்டு. சிவப்புப் பேனா இருக்கிறதா என்று கேட்டாள்.

இருந்தது. இல்லை என்றேன். எதற்கு வம்பு.