மாப்பிள்ளைத் தண்ணீர்

"மாமா, இலை திரும்பி வந்துடுச்சே. நாம மட்டும் ஏன் திரும்பிப் பார்க்கக் கூடாது?"

என் படகில் வந்த ஆறு வயதுப் பெண்குழந்தை ஒருமுறை இப்படிக் கேட்டது. நான் இருபத்திரண்டு வருடமாக ஆற்றில் துடுப்புப் போடுகிறவன். சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்லிச் சொல்லியே 'விளக்கம்' என்று பட்டப்பெயர் வாங்கியவன். என்ன பதில் சொன்னேன் தெரியுமா?

"ஆடாம உக்காரு பாப்பா. படகு சாஞ்சிடும்."

படகு சாயவில்லை. என் மண்டைக்கனமும் சாயவில்லை.

எங்கள் ஊரில் பார்ப்பதற்கு நாலு இடம் உண்டு. கொக்குகள் அடையும் திட்டு, பாதி இடிந்த பாலம், கட்டிக்கொண்டு வந்ததைப் பிரித்துச் சாப்பிட ஒரு மணல்மேடு, ஏறினால் ஆறு முழுவதும் தெரிகிற குன்று. இவற்றைப் படைத்தவன் கட்டணம் வைக்கவில்லை. அதனாலோ என்னவோ கூட்டமும் வரவில்லை. அப்புறம்தான் இலை ஐயா வந்தார்.

வெள்ளைச் சட்டை, வெள்ளைச் சால்வை, வெண்ணெய் தடவிய பேச்சு. ஆற்றுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டிருக்கும் பெரிய பாறைக்குக் கீழே, கரையோரமாக இரண்டு கற்களைப் போட்டார். பாறையை ஒட்டியிருப்பது அருள்கல். ஐம்பது அடி கீழே தள்ளியிருப்பது பொறுமைக்கல். கல்லில் நின்று, குறையைச் சொல்லி, இலையைத் தண்ணீரில் விட வேண்டும். இலை ஓட்டத்தோடு கீழே போனால் வினை இன்னும் தீரவில்லை. ஓட்டத்தை எதிர்த்து மேலே ஏறினால், வந்த வினை வந்த வழியே போய்விட்டது.

முதல் மூன்று தடவை பொறுமைக்கல். இலை கீழே போகும், காணிக்கை ஐயாவிடம் போகும். நாலாவது தடவை அருள்கல். இலை சமர்த்தாக மேலே ஏறும். அது பாறையைத் தொட்டதும் ஐயா சால்வையை விரித்து, உங்களை அணைத்தபடி கரையேற்றிவிடுவார். "திரும்பிப் பார்க்காதீங்க. பார்த்தா பலன் போயிடும்."

யாரும் பார்க்கவில்லை, அந்தக் குழந்தையைத் தவிர.

மூன்றே மாதத்தில் கொக்குத் திட்டைச் சீந்த ஆளில்லை. பேருந்து பேருந்தாக வந்தார்கள். படித்தவர்கள் கைப்பேசியில் படம் பிடித்தார்கள், படிக்காதவர்கள் அந்தப் படத்தில் நின்றார்கள். மரத்தடியில் சும்மா கிடந்த இலையைத் துடைத்து விற்க நாலு பேர் கிளம்பினார்கள். இத்தனைக்கும் தண்டோரா போட்டது யார்? சாட்சாத் நான்தான். படகில் ஒலிபெருக்கி மாட்டி, "கண்ணாரக் கண்டேன் ஐயா, கண்ணாரக் கண்டேன்" என்று முழங்கினேன். கண்டது உண்மைதான். அந்தக் கண்ணுக்கும் மூளைக்கும் நடுவே ஒரு பாலம் இருந்திருக்க வேண்டும். அதுவும் பாதி இடிந்துபோயிருக்கிறது.

படித்துறைப் பக்கத்து டீக்கடை அக்கா தினமும் அந்த முழக்கத்தைக் கேட்டார். அவர் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை வியாதி. கால் விரலில் புண் வந்து கறுத்துவிட்டது. விரலை எடுத்துவிடலாம், எடுக்காவிட்டால் பாதமே போகும் என்று மருத்துவமனையில் நாள் குறித்தார்கள். அக்கா என்னிடம் வந்தார்.

"தம்பி, அந்த இலை நிஜமாவே மேல ஏறுதா?"

"ஏறுதுக்கா. நான் பொய் சொல்வேனா?"

நான் பொய் சொல்லவில்லை. அதைவிட மோசமான ஒன்றைச் செய்தேன். யோசிக்காமல் உண்மையைச் சொன்னேன்.

மூன்று தடவை பொறுமைக்கல் ஆயிற்று. அதற்குள் அறுவை சிகிச்சைக்குக் குறித்த வியாழக்கிழமையும் போயிற்று. அடுத்த செவ்வாய் காலை, நாலாவது தடவைக்காக, அக்காவை நானே பாறையடியில் இறக்கிவிட்டேன். திரும்பி வந்தால் படித்துறையில் ஒரு நர்ஸ் அம்மா நிற்கிறார். கையில் மருந்துப் பை, காலில் ரப்பர் செருப்பு.

"டீக்கடை பூட்டியிருக்கு. கடைக்காரம்மா வீட்டுக்காரருக்குப் போன வியாழன் ஆபரேஷன். ஆளே வரலை. அந்தம்மா எங்கே?"

"இலை விடப் போயிருக்காங்கம்மா. இன்னிக்கு அருள்கல்." என் குரலில் பெருமை வேறு.

"இலை மேல போனா?"

"ஆபரேஷன் வேண்டாம்னு அர்த்தம்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் படகில் ஏறினார். எதிரோட்டத்தில் தள்ளிக்கொண்டு போனேன். பாறைக்குக் கீழே வந்ததும் வழக்கம்போலக் கரையை ஒட்டித் திருப்பி, துடுப்பைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன். படகு தானாக மேலே நகர்ந்தது.

"என்ன, துடுப்பே போடலை? படகு போகுதே?"

"அதுங்களா..." விளக்கம் கேட்டால் எனக்கு வாய் ஊறும். "இங்க மாப்பிள்ளைத் தண்ணிங்கம்மா. ஆறு பாறையில முட்டிச் சுத்திக்கிட்டுப் போகுது இல்லையா, அதுல கொஞ்சம் தண்ணி கரையோரமாத் திரும்பி மேல வரும். மாமனார் வீட்டு விருந்து முடிஞ்சு கிளம்பின மாப்பிள்ளை, தெருமுனை வரை போய் மறுபடி சாப்பாட்டுக்குத் திரும்புவார் பாருங்க, அது மாதிரி. படகுக்காரங்க எல்லாருக்கும் தெரியும். கைவலி மிச்சம்."

"அப்போ இதுல ஒரு இலையைப் போட்டா?"

"இலையைப் போட்டா அதுவும்..."

வாயைத் திறந்தபடியே இருந்தேன். ஒரு ஈ உள்ளே போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்திருக்கலாம், பார்க்க ஒன்றும் இல்லை என்று.

பாறையடியில் கூட்டம் நெரிந்தது. அக்கா இலையோடு அருள்கல்லில் ஏறப் போனார். நர்ஸ் அம்மா அவர் கையைப் பிடித்தார்.

"ஒரு நிமிஷம் பொறுங்க. முதல்ல என் செருப்பு போகட்டும். அதுக்கு வார் அறுந்திருக்கு. அதுவும் குறைதானே?"

ஐயா பதறினார். "அம்மா, புனிதமான இடம்..."

செருப்பு அதற்குள் தண்ணீரில் இறங்கிவிட்டது. இறங்கி, ஐயாவைப் பார்த்து ஒரு வட்டம் போட்டு, ஓட்டத்தை எதிர்த்துக் கம்பீரமாக மேலே ஏறியது. பாறையைத் தொட்டது. ஐயா பழக்கதோஷத்தில் சால்வையை விரித்தார்.

"யாரும் போகாதீங்க," என்றார் நர்ஸ் அம்மா. "திரும்பிப் பாருங்க."

எல்லோரும் பார்த்தோம். செருப்பு பாறையோரம் திரும்பி, நடு ஆற்றுப் பக்கம் விலகி, கீழே வந்து, மறுபடி கரையோரம் சேர்ந்து மேலே ஏறியது. விருந்து முடியவில்லை.

"இப்ப ஐயா அந்தப் பொறுமைக்கல்லுல நின்னு, அவர் கையால ஒரு இலை விடட்டும்."

ஐயா மாட்டேன் என்றார். அவருக்காகக் கூட்டமே அந்தக் கல்லில் நின்று ஒரு இலையைத் தண்ணீரில் விட்டது. அது நேராகக் கீழே, கடல் இருக்கும் திசைக்குப் போய்விட்டது.

"பாவம், ஐயாவுக்கே வினை தீரலை," என்றார் யாரோ.

சிரிப்பு எழுந்தது. அக்கா சிரிக்கவில்லை. என்னிடம் வந்தார்.

"தம்பி, உனக்கு இந்தத் தண்ணி தெரியாதா?"

"தெரியும்க்கா."

"அப்புறம்?"

"அதுக்குச் சால்வை போத்தியிருந்தாங்கக்கா. அடையாளம் தெரியலை."

சிலர் ஐயாவை அடிக்கக் கை ஓங்கினார்கள். நான் குறுக்கே நின்றேன். "அடிச்சா எனக்கும் பாதி விழணும். அப்புறம் நீங்க ஆளுக்கொரு பங்கு." ஓங்கிய கைகள் இறங்கின. நானே அவரை அக்கரையில் கொண்டுபோய் விட்டேன். வழியில் ஒரு விளக்கமும் சொல்லவில்லை.

நான் தினமும் கடவுளைக் கும்பிடுகிறவன், இன்றும்தான். நீங்களும் கண்ணை மூடிக் கும்பிடுங்கள், தப்பில்லை. கும்பிட்டு முடித்ததும் திறந்துவிடுங்கள். அதற்காகத்தான் இமையை ஒட்டாமல் படைத்திருக்கிறான். திரும்பிப் பார்க்காதே என்று எவனாவது சொன்னால், முதல் வேலையாகத் திரும்பிப் பாருங்கள்.

அன்று மாலையே அக்கா வீட்டுக்காரரை மருத்துவமனையில் சேர்த்தோம். பாதம் தப்பியது. வியாழனே வந்திருந்தால் ஒரு விரலோடு போயிருக்கும் என்றார் டாக்டர். இரண்டு எடுத்தார்கள். அந்த இரண்டாவது விரல் என் வாயால் போனது.

அவர்கள் மருத்துவமனையில் இருந்த ஒன்பது நாளும் கடை பூட்டியே கிடந்தது. பின்புறம், வீட்டுக்காரர் பிளந்து போட வேண்டிய அடுப்பு விறகு முழுக்கட்டைகளாகக் குவிந்திருந்தது. இனி அவர் கோடரியை ஓங்கி நிற்கக் கொஞ்ச காலம் ஆகும். தினமும் ஆற்றில் பனி விலகுவதற்கு முன் போய்ப் பிளந்தேன். மழை படாமல் கூரை ஓரத்தில் இடுப்புயரம் அடுக்கினேன். பத்தாம் நாள் அக்கா கடை திறந்தார்.

"எங்க அண்ணன்தான் வந்து வெட்டிட்டுப் போயிருக்கான் தம்பி. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை பாரேன்."

"இருக்கும்க்கா," என்றேன். கை கொப்புளங்களில் சூடு படாமல், டம்ளரின் விளிம்பைப் பிடித்து வாங்கிக்கொண்டேன்.