போகச் சொன்னாரா, இருக்கச் சொன்னாரா?

மதிப்பிற்குரிய வழக்கறிஞரும், என் மனைவிக்கு ஒரே தம்பியும், மணமகனுக்குத் தாய்மாமனுமாகிய உனக்கு உன் அத்தான் எழுதிக்கொள்வது. இங்கு எல்லோரும் நலம், அங்கும் அப்படியே இருக்கட்டும். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று கேட்கச் சொன்னாள் உன் அக்கா. கேட்டுவிட்டேன். இனி விஷயத்துக்கு வருகிறேன்.

போன மாதம் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கரண்டியை ஆட்டிக்கொண்டு நீ ஒரு பாடம் நடத்தினாயே, நினைவிருக்கிறதா? "போலீஸ் நிறுத்தினா கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க அத்தான். கூட இருக்கறவங்க வாயே திறக்கக் கூடாது. டிக்கியத் திறக்கச் சொன்னா சம்மதம் இல்லன்னுடுங்க. கடைசியா 'நான் போகலாமா'ன்னு கேளுங்க. அவ்வளவுதான்." அந்த அவ்வளவுதானால் உன் மருமகனின் கல்யாணமே நின்றுபோகப் பார்த்தது. வழக்கு இருக்கிறது என்று நீ வராமல் தப்பித்துக்கொண்டாய். உன் சட்டம் மட்டும் எங்களோடு காரில் வந்தது.

கல்யாணப் பதிவு அலுவலகத்துக்கு இரண்டு தெரு இருக்கும்போது ஒரு போலீஸ்காரர் கையைக் காட்டினார். நான் ஓட்டுகிறேன், உன் அக்கா பக்கத்தில், புதுக் கோட்டு கசங்காமல் மாப்பிள்ளையான என் பையன் பின்னால். பெண்ணும் அவள் அப்பாவும் ஏற்கெனவே அங்கே போய்விட்டார்கள். அந்த மனிதர் தலைமையாசிரியர், அரை மனதோடு சம்மதித்தவர். நேரத்துக்கு வராதவனுக்குப் பெண் இல்லை என்று ஒரு நாள் சிரித்துக்கொண்டே சொன்னார், ஆனால் கண் சிரிக்கவில்லை. போதாக்குறைக்குப் பதிவாளருக்கு மறுநாள் முதல் நீண்ட விடுப்பு. இந்த நிலைமையில் போலீஸ்காரர் குனிந்து, "பின் லைட் எரியல சார்" என்றார். லைசென்சையும் வண்டிக் காகிதங்களையும் கொடுத்தேன். பார்த்தார், திருப்பிக் கொடுத்தார், கொடுத்துவிட்டுத் தன் மோட்டார் சைக்கிள் பக்கம் போனார். போகச் சொல்லாமல் எப்படிப் போவது? நான் அசையவில்லை. அவர் பைக்கில் சாய்ந்துகொண்டு எங்களைப் பார்த்தார், நான் கண்ணாடியில் அவரைப் பார்த்தேன். பையன் பின்னாலிருந்து, "அப்பா, அவரு…" என்று ஆரம்பித்தான். "வாய மூடு. கூட இருக்கறவங்க பேசக் கூடாதுன்னு மாமா சொல்லியிருக்கான்" என்று அடக்கினேன். வருஷக்கணக்காக லிப்ட் ரிப்பேர் பார்த்தவன் நான். இரண்டு மாடிக்கு நடுவில் நின்ற லிப்டுக்குள் இருப்பவர்களுக்கு வெளியே நின்று தைரியம் சொல்லித்தான் எனக்குப் பழக்கம். அன்றைக்குத்தான் உள்ளே இருப்பது என்றால் என்னவென்று தெரிந்தது.

அவர் திரும்பி வந்தார். இந்தத் தடவை முகத்தில் பழைய மரியாதை இல்லை. "எங்க போறீங்க?" என்றார். கேட்டதற்கு மட்டும் பதில் அல்லவா? "நேராப் போறேன்" என்றேன். "டிக்கில என்ன?" "சாமான்." "என்ன சாமான்?" "சொந்தச் சாமான்." உள்ளே இருந்தது இரண்டு பெட்டி இனிப்பும் ஒரு மடக்கு நாற்காலியும், அதைச் சொன்னால் என்ன குடி முழுகிவிடும்? ஆனால் உன் கரண்டி கண் முன்னால் ஆடியது. "திறந்து காட்டுங்க" என்றார். தொண்டையைச் செருமிக்கொண்டு, "எனக்கு இதில் சம்மதம் இல்லை" என்றேன். உன் அக்கா பல்லைக் கடித்தபடி, "கல்யாணத்துக்குப் போறப்ப வாயில வர்ற வார்த்தையா இது?" என்றாள்.

அவர் ஓர் அடி பின்னால் நகர்ந்தார். ஒரு கை இடுப்புக்குப் போனது, இன்னொரு கை வயர்லெசை எடுத்தது. மிச்சமிருந்த ஒரே ஆயுதத்தை எடுத்தேன். "சார், நான் போகலாமா?" "நான் இருக்கச் சொல்லலியே." "போகச் சொன்னீங்களா?" "ஏன் சார், என்னை வம்புக்கு இழுக்கிறீங்களா?" இப்படிப் பேசிக்கொண்டிருக்கும்போதே பின்கதவு திறக்கும் சத்தம் கேட்டது. உன் மருமகன் இறங்கி, கோட்டின் இரண்டு பக்கத்தையும் பிடித்துக்கொண்டு, தெருவில் ஓட ஆரம்பித்துவிட்டான்.

"ஏய், நில்லு" என்று போலீஸ்காரர் கத்தினார். தெருவில் எல்லோரும் நின்றார்கள், இவன் மட்டும் நிற்கவில்லை. அவர் பைக்கில் ஏறிப் பறந்தார். இரண்டு பேரும் மூலையில் திரும்பி மறைந்தார்கள். உன் அக்கா முகம் வெளிறி, "இப்பவாவது வண்டிய எடுங்க" என்றாள். "போகலாம்னு அவர் சொல்லலியே" என்றேன். "அவரே போயிட்டாரு" என்றாள்.

என்னைப் பக்கத்து இருக்கைக்குத் தள்ளிவிட்டு அவள்தான் ஓட்டினாள். அலுவலக வாசலில் அந்தப் பைக் நின்றது. விலங்கு மாட்டிய மகனைப் பார்க்கப் போகிறோம் என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படியேறினேன். உள்ளே அவன் கையெழுத்துப் போட்டு முடித்துவிட்டு வியர்வை சொட்டச் சொட்ட நின்றுகொண்டிருந்தான். வழியில் மடக்கிப் பிடித்தவரிடம் மூச்சிரைக்க, "கல்யாணம் சார்" என்றானாம். அவர் பின்னால் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கியிருக்கிறார். பதிவாளர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழப் போகும் நேரம், மாப்பிள்ளை பக்கம் சாட்சிக்கு ஆள் இல்லை. என் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அந்தப் போலீஸ்காரர் கையெழுத்துப் போட்டிருக்கிறார், அதுவும் கோடு தாண்டி, பெரிதாக. தலைமையாசிரியர் என்னிடம், "பையன் ஓடியாவது வந்துட்டான். நீங்க எங்க இருந்தீங்க?" என்றார். பெற்ற மகன் கையெழுத்துப் போடுவதைப் பார்க்கக் கொடுத்துவைக்காதவன் ஆனேன். சொன்னால் நம்ப மாட்டாய், காரில் வந்து தனியாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

ஆகவே ஒன்று சொல்கிறேன். நீ எப்போது வேண்டுமானாலும் வரலாம், சாப்பிடலாம், தூங்கலாம். சட்டம் மட்டும் என் வீட்டில் பேசக் கூடாது. உன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசி, எல்லோரும் நீண்ட ஆயுளோடு இருங்கள்.

இப்படிக்கு,
மனம் நொந்த உன் அத்தான்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது உன் மருமகன் இதை வாங்கிப் படித்தான். படித்துவிட்டு மெதுவாகச் சொல்கிறான்: "அப்பா, காகிதத்தக் கையில குடுக்கும்போதே 'லைட்ட மாத்திடுங்க, கிளம்புங்க'ன்னு அவர் சொல்லிட்டாரு. நீங்க மாமா சொன்னத வாய்க்குள்ள ஒப்பிச்சுக்கிட்டு இருந்தீங்க. போகச் சொன்ன வண்டி போகாம நிக்குதேன்னுதான் திரும்பி வந்தாரு. அதச் சொல்ல வந்தப்பதான் வாய மூடுன்னீங்க." உன் அக்கா சிரிப்பை இன்னும் நிறுத்தவில்லை. எழுதியதை அடித்துத் திருத்த எனக்குப் பொறுமை இல்லை. மேலே உள்ளதில் உன் முழங்காலை விசாரித்ததை மட்டும் வைத்துக்கொண்டு, மிச்சத்தைக் கிழித்துப் போட்டுவிடு.