ஒரு மண்டபம், ஒரு கல்யாணம், ஒரு பஸ் நிறைய அதிகாரிகள்

எல்லாக் குடும்பத்திலும் "நான் பார்த்துக்கிறேன், விடுங்க" என்று சொல்கிற ஆள் ஒருவர் இருப்பார். அவரை நம்பி எதையும் விடவே கூடாது. இதை நான் அடித்துச் சொல்வேன். எங்கள் குடும்பத்தில் அந்த ஆள் நான்தான்.

மலேசியாவின் கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்து ஆபீஸில் எனக்குக் கிராணி வேலை. (கிராணி என்றால் குமாஸ்தா. துரைமார் காலத்துப் பெயர். துரைமார் கப்பலேறிப் போய்விட்டார்கள், பெயர் மட்டும் எங்கள் தலையில் தங்கிவிட்டது.) அது போக, தோட்டத்துக் கோயிலுக்குச் செயலாளர். அதுவும் போக, ஒரு தொண்டூழிய மீட்புப் படையில் உறுப்பினர். வெள்ளம், மண்சரிவு என்றால் ஓடிப்போய் நிற்கிற படை அது. மூன்று பதவியையும் ஒரே மண்டை தாங்குமா என்று அப்போது நான் யோசித்ததில்லை. தாங்காது என்று இப்போது ஊருக்கே தெரியும்.

படையில் குழுவை வழிநடத்தும் அதிகாரிகளுக்கு வருஷா வருஷம் தலைமைத்துவப் பயிற்சி நடக்கும். அதை முடித்தால்தான் வருஷக் கடைசி மழையில் படகையும் ஆட்களையும் நம்பி ஒப்படைப்பார்கள். எப்போதும் கீழே, வியர்வை சொட்டுகிற ஏதாவது ஓர் ஊரில்தான் நடத்துவார்கள். ஒரு கூட்டத்தில் நான் எழுந்து நின்றேன். "இந்த வருஷம் எங்க மலைக்கு வாங்க. பஸ்ஸு, தங்குற இடம் எல்லாத்தையும் நான் பார்த்துக்கிறேன்."

பயிற்சித் தலைவி விமலா மேடம் என்னை ஏற இறங்கப் பார்த்தார். தைப்பிங்கில் ஆஸ்பத்திரித் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவர். குரலை உயர்த்தவே மாட்டார். ஊசி போடப் போகிற தாதி "ஒண்ணும் பண்ணாது" என்று சொல்கிற அதே குரலில்தான் எல்லாம் பேசுவார். "நிச்சயமா மணியம்?" என்றார். "நிச்சயம் மேடம்" என்றேன்.

வேலையில் இறங்கினேன். கணினியில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று கட்டம் போட்டுத் திட்டம் தயாரித்தேன். ஈப்போவில் எல்லாரையும் ஏற்ற ஒரு பெரிய பஸ். பெரிய பஸ் எங்கள் தோட்டத்து ரோட்டில் திரும்பாது, ஆகவே முச்சந்தியில் தோட்டத்து லோரி தயாராக நிற்கும். செப்டம்பரில் மலேசியா தினத்தை ஒட்டி நீண்ட லீவு, சுற்றுலாக் கார்கள் மலையை அடைத்துவிடும், ஆகவே ஜேமுக்கு முந்தி பஸ் மேலே ஏறிவிட வேண்டும். தங்குவதற்குக் கோயில் மண்டபம். அதற்குச் செயலாளரின் அனுமதி வேண்டும். செயலாளர் நான். நானே கேட்டேன், நானே பெருந்தன்மையோடு கொடுத்தேன். வாட்ஸ்அப் குழுவில் திட்டத்தைப் போட்டதும் வந்த கட்டைவிரல்களைப் பார்த்து அன்றைக்கு நான் சோறே சாப்பிடவில்லை. வயிறு நிறைந்துவிட்டது.

இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் என் அக்கா சரோஜா.

அக்கா கியா பார்ம் என்கிற ரோட்டோரச் சந்தையில் ஸ்ட்ராபெரியும் அவித்த சோளமும் விற்கிறாள். அவள் கடையில் கூவினால் பக்கத்து ஊர் பிரிஞ்சாங்கில் இருப்பவர் திரும்பிப் பார்ப்பார். மாமா இறந்தபோது அவர்கள் மகள் கவிதா தொடக்கப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள். அந்த ஒற்றைக் கடையை வைத்துக்கொண்டு, யாரிடமும் கை நீட்டாமல் அவளைப் படிக்க வைத்து, ஈப்போவில் நல்ல மாப்பிள்ளையும் பார்த்துவிட்டாள். சமையல், நகை, புடவை, பந்தல் எல்லாம் அவளே. தாய்மாமன் எனக்கு மட்டும் மனசு கேட்காமல் ஒரு வேலை கொடுத்தாள்.

"டேய் மணியம், கோயில் மண்டபம் மட்டும் உன் பொறுப்பு. ஆவணிக் கடைசி முகூர்த்தம். மறந்துடாத."

"நான் பார்த்துக்கிறேன், விடுக்கா."

இந்நேரம் உங்களுக்கு விளங்கியிருக்கும். எனக்கு விளங்கவில்லை. என் மண்டைக்குள் இரண்டு காலண்டர் தொங்கிக்கொண்டிருந்தது. ஆபீஸ், படை, லீவு எல்லாம் செப்டம்பரில் நடக்கும். கல்யாணம், காதுகுத்து, கோயில் காரியம் எல்லாம் ஆவணியில் நடக்கும். ஆவணியும் செப்டம்பரும் ஒரே ரோட்டில் எதிரெதிரே வரும் இரண்டு லோரி என்று எனக்குத் தோன்றவே இல்லை. கல்யாணப் பத்திரிகையில் ஆங்கிலத் தேதியும் தமிழ்த் தேதியும் கொட்டை எழுத்தில் இருந்ததே, பார்க்கவில்லையா என்று கேட்கலாம். பார்த்தேன். 'தாய்மாமன்' என்று என் பெயர் எங்கே, எவ்வளவு பெரிதாகப் போட்டிருக்கிறது என்று பார்த்தேன். நன்றாகவே போட்டிருந்தார்கள்.

சனிக்கிழமை மத்தியானம். மண்டப வாசலில் 'அதிகாரிகளை வரவேற்கிறோம்' என்ற பதாகையை ஏணி மேல் நின்று கட்டிக்கொண்டிருந்தேன். மணவறை, நாற்காலி, வாழைமரம் எல்லாம் ஏற்றிக்கொண்டு ஒரு லோரி வந்து நின்றது. பந்தல்காரர் குணா இறங்கினார்.

"தப்பான எடத்துக்கு வந்துட்டீங்க குணா," என்றேன் ஏணியில் இருந்தபடியே, கொஞ்சம் அதிகாரத்தோடு. "இங்க நாளைக்கு ட்ரெய்னிங்."

குணா என்னையும் பதாகையையும் மாறி மாறிப் பார்த்தார். "அண்ணே, நாளைக்குக் கவிதா கல்யாணம்லா. தாய்மாமன் நீங்கதானே?"

ஏணியிலிருந்து எப்படி இறங்கினேன் என்று எனக்கு நினைவில்லை. குணாவிடம் கேட்டால் சொல்வார். (கேட்காதவர்களிடமும் சொல்வார்.)

இருந்த ஓட்டல்களுக்கெல்லாம் போன் போட்டேன். லீவுக் கூட்டம், ஓர் அறை கூடக் கிடைக்கவில்லை. பஸ் ஜேமில் மாட்டி நாளை மறுநாள் வந்து சேரட்டும் என்று முருகனை வேண்டிக்கொண்டேன். என் வாழ்க்கையில் முதல்முறையாக, நான் ஏற்பாடு செய்த பஸ் சொன்ன நேரத்துக்கு வந்தது. தோட்டத்து லோரியில் முப்பது நாற்பது அதிகாரிகள், மூட்டை முடிச்சோடு, மெல்லிய சீருடையில் வெடவெடவென்று நடுங்கிக்கொண்டு வந்து இறங்கினார்கள். மலாய்க்காரர், சீனர், தமிழர், சபாவிலிருந்து ஒருவர் என்று நாட்டின் எல்லா மூலையும் என் முன்னால் நின்றது. உள்ளே மணவறைக்கு ஆணி அடிக்கும் சத்தம் கேட்டது.

விமலா மேடம் வாழைமரத்தைப் பார்த்தார். "மணியம், எங்களுக்கா இவ்வளவு ஏற்பாடு?"

நான் விஷயத்தைச் சொன்னேன். சொல்லிவிட்டு, மண்டபத்தின் நடுவே வேட்டியைத் திரையாகக் கட்டி ஒரு பக்கம் கல்யாணமும் ஒரு பக்கம் பயிற்சியும் நடத்தலாம் என்று யோசனையும் சொன்னேன். அந்த நேரம் பார்த்து அடுப்படியிலிருந்து அக்கா கரண்டியோடு வெளியே வந்தாள்.

"என்னடா கூட்டம் இது?"

அவளிடமும் சொன்னேன். கரண்டி என் மேல்தான் விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அக்கா என்னைத் தாண்டிப் போய் அந்தப் பிள்ளைகள் முன்னால் நின்றாள்.

"பசியாறிட்டீங்களா?"

அவள் உடனே மலாயிலும் கேட்டாள். இல்லை என்று தலையாட்டினார்கள்.

"மொத உள்ள வாங்க. எல்லாம் சைவம்தான், எல்லாரும் சாப்பிடலாம்." என்னைத் திரும்பிப் பார்த்தாள். "வந்தவங்கள வாசல்ல நிக்க வெச்சிட்டா எம் பொண்ணு தாலி கட்டிக்கணும்? உன்னை அப்புறம் வெச்சிக்கிறேன்."

அவர்கள் சாப்பிட்டு முடிப்பதற்குள் அவள் தங்குமிடத்தையும் முடித்துவிட்டாள். தேத்தண்ணி ஊற்றிக்கொண்டே தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்து வீடுகளைப் பார்த்து ஒரு குரல் கொடுத்தாள். வீட்டுக்கு வீடு பெண்கள் வந்து, "எங்க வீட்டுக்கு ரெண்டு பேரை அனுப்புக்கா", "எனக்கு மூணு" என்று ஆளைக் கையோடு கூட்டிப் போனார்கள். கம்பளி வந்தது, சுடுதண்ணீர் வந்தது. முஸ்லிம் அதிகாரிகள் தொழுவதற்குத் தன் வீட்டு முன்னறையைக் காலி செய்து கூட்டிவிட்டிருந்தாள். என் பச்சை மஞ்சள் கட்டத்தில் தொழுகைக்கு இடமே இல்லை. எனக்கு அக்கா மேல் எப்போதும் பயம் உண்டு. அன்றைக்குத்தான் மரியாதையும் வந்தது.

விமலா மேடம் ஒரு மூலையில் தேத்தண்ணி குடித்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இத்தோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்கவே மாட்டேன்.

மறுநாள் காலை பூசாரி வந்துவிட்டார், நாதஸ்வரம் வந்துவிட்டது, கவிதா அலங்காரத்தோடு தயார். மாப்பிள்ளையைக் காணோம். போன் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் பஸ் கோலா தெர்லா ஊரைத் தாண்டியதிலிருந்து ஊர்ந்து, கியா பார்மில் அசையாமல் நிற்கிறதாம். ரோட்டின் இரண்டு பக்கமும் கார்களைப் போட்டுவிட்டு ஜனங்கள் ஸ்ட்ராபெரி வாங்கிக்கொண்டிருக்கிறார்களாம்.

"விடிஞ்சப்புறம் கெளம்புனா போதும், ரோடு சும்மா கெடக்கும்னு அவங்ககிட்ட யாரு சொன்னது?" என்று அக்கா கேட்டாள்.

நான்தான் சொன்னேன். ஜேம் செப்டம்பரில்தானே வரும். கல்யாணம் ஆவணியில்.

முகூர்த்தம் பத்து மணிக்குள் முடிகிறது. அக்கா என்னைத் திட்டவில்லை. அடுப்படிக்குப் பின்னால் போய் ஓர் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்து, முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள். அக்கா சத்தம் போடாமல் இருந்ததை அதற்கு முன்னால் நான் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன், மாமா இறந்த அன்றைக்கு. இத்தனை வருஷம் ஒற்றை ஆளாக நின்றவளுக்கு நான் செய்து கொடுத்தது இதுதானா என்று அழுகை வந்தது.

விமலா மேடம் அவள் பக்கத்தில் போய்க் குனிந்தார். "எத்தனை பேர் வரணும்மா?"

"மாப்பிள்ளையும் அவரு அப்பா அம்மாவும் வந்தாப் போதும் மேடம். மத்தவங்க மெதுவா வரட்டும்."

"ஒண்ணும் ஆகாது," என்றார் அதே ஊசிக் குரலில். வெளியே வந்து அதிகாரிகளை வரிசையில் நிற்க வைத்தார். "இன்னிக்கு வகுப்பு ரோட்டுல. ஒருத்தர்கிட்டயும் கத்தக் கூடாது. கும்பிட்டுக் கேளுங்க, நகர்த்துவாங்க."

தோட்டத்து லோரியில் முச்சந்தி வரை போய், அங்கிருந்து கியா பார்முக்கு ஓட்டமும் நடையுமாகப் போனோம். போனோம் என்றால் அவர்கள் போனார்கள். நான் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு வந்தேன், பட்டு வேட்டி தடுக்க. ஒவ்வொரு காராகக் கண்ணாடியைத் தட்டி, சிரித்து, கெஞ்சி, ரோட்டோரம் ஓர் ஆள் நடக்கிற அளவுக்கு வழி உண்டாக்கினார்கள். கார்கள் நகர இடமில்லை. ஆகவே மாப்பிள்ளையைப் பஸ்ஸிலிருந்து இறக்கி, முச்சந்தியில் நின்ற லோரி வரை நடக்க வைத்தார்கள். தலைப்பாகை, மாலை, இரண்டு பக்கமும் சீருடை. ஸ்ட்ராபெரி வாங்க வந்த ஜனம் முழுக்கப் போனைத் தூக்கிப் படம் பிடித்தது. ஏதோ ராஜா வீட்டுப் பையன் என்று நினைத்திருப்பார்கள். மாப்பிள்ளையும் பாதி வழியில் அப்படித்தான் நடக்க ஆரம்பித்தார்.

மாப்பிள்ளையின் அம்மாவுக்கு மட்டும் முட்டிவலி. நடக்க முடியாது. அதிகாரிகள் அதற்கும் யோசிக்கவில்லை. பயிற்சிக்கென்று கொண்டுவந்த ஸ்ட்ரெச்சரைக் கையோடு எடுத்து வந்திருந்தார்கள், அதை விரித்துப் படுக்க வைத்து, வெயில் படாமல் முகத்துக்கு நேரே ஒரு துண்டையும் பிடித்தபடி தூக்கிக்கொண்டார்கள்.

இதை முன்கூட்டியே போன் செய்து மண்டபத்தில் சொல்லியிருக்க வேண்டிய ஆள் யார் என்று நான் சொல்லத் தேவையில்லை.

லோரி மண்டபத்துக்கு வந்து நின்றது. முதலில் ஸ்ட்ரெச்சரைத்தான் இறக்கினார்கள். பட்டுப்புடவை, முகத்துக்கு மேலே துண்டு. நாதஸ்வரம் நின்றுவிட்டது. அக்கா "ஐயோ சம்மந்தி" என்று நெஞ்சில் கை வைத்தாள். பெண்கள் எல்லாரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அப்போது துண்டு விலகியது. சம்மந்தியம்மா எழுந்து உட்கார்ந்து, தலைப் பூவைச் சரி செய்துகொண்டு, "ஒண்ணுமில்ல சம்மந்தி, முட்டிதான். நல்லாத் தூக்குனாங்க பிள்ளைங்க. பாதியில தூங்கிட்டேன்" என்றார்.

முகூர்த்தம் முடிவதற்குள் தாலி ஏறியது. அட்சதை போடும்போது அக்கா அழுதுகொண்டே சிரித்தாள், சிரித்துக்கொண்டே என் முதுகில் ஓர் அறை வைத்தாள். நேற்றைய பாக்கி அது. கல்யாணப் படத்தில் மாப்பிள்ளை, பெண் பக்கத்தில் உறவுக்காரர்களை விடச் சீருடைக்காரர்கள்தான் அதிகம். மத்தியானத்துக்கு மேல் மண்டபத்தைக் கூட்டிக் கழுவியதும் அவர்களே, மறுநாள் அதே மண்டபத்தில் பயிற்சியை நடத்தி முடித்ததும் அவர்களே. அந்த வருஷ மழையில் அவர்களில் பலர் படகோடு நின்றார்கள் என்று கேள்விப்பட்டேன். நெஞ்சு நிமிர்ந்தது. நிமிர எனக்கு ஒரு யோக்கியதையும் இல்லை, இருந்தாலும் நிமிர்ந்தது.

சம்மந்தியம்மா இப்போதும் கல்யாணம் என்று யாராவது அழைத்தால், "ஸ்ட்ரெச்சர் அனுப்புவீங்களா?" என்றுதான் கேட்பார். அதற்கு எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள்.

விமலா மேடம் கிளம்பும்போது அக்காவைத் தனியே கூப்பிட்டுப் பேசினார். அடுத்த பயிற்சியும் எங்கள் மலையில்தான். இந்தத் தடவை தங்குமிடத்துக்குப் பொறுப்பு சரோஜா, படையின் புதிய உறுப்பினர். சீருடை தைக்கக் கொடுத்துவிட்டாள். போன வாரம் அவளைக் கடையில் பார்த்து, கொஞ்சம் பணிவாகவே கேட்டேன்.

"அக்கா, பயிற்சிக்கு என்னை எந்த வீட்டுல போட்டிருக்க?"

சோளத்தைத் திருப்பிப் போட்டபடியே சொன்னாள். "நீ உன் வீட்டுலயே படுத்துக்கடா. அதையாவது ஒழுங்கா ஏற்பாடு பண்ணிக்குவியா, இல்ல அதையும் நானே பார்த்துக்கணுமா?"