போலீஸை விசாரித்த காபி கிளப்

இந்திய தேசத்தின் போலீஸ் இலாகா முழுவதையும் ஒரு காபி கிளப்பின் மாடியில் நிறுத்தி விசாரித்துவிடலாம் என்று நம்பிய மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான் இருந்திருப்பார். அவர் சங்கரன்கோவிலில் இருந்தார். சுதந்திரம் வந்து சில வருஷங்களே ஆகியிருந்த காலம். நான் அந்த ஊரில் ஒரு தினசரிக்கு நிருபர்.

அவருடைய சொந்தப் பெயர் அவர் மனைவிக்கே மறந்துபோயிருக்கும். காபி கிளப் நடத்திய அவர் ஊருக்குக் கமிஷன் அண்ணாச்சி. டில்லியில் எதற்கெடுத்தாலும் விசாரணைக் கமிஷன் போட்டுக்கொண்டிருந்த நாட்கள் அவை. பேப்பரில் அந்தச் செய்திகளை மட்டும் அவர் எழுத்து விடாமல் படிப்பார். கிளப்பில் இரண்டு பேர் நாற்காலிக்குச் சண்டை போட்டால்கூட, "கமிஷன் போடணும்வே. சம்பந்தம் இல்லாத ஆளு உக்காந்து விசாரிக்கணும்" என்பார். அதற்குள் இரண்டு பேரும் எழுந்து போயிருப்பார்கள்.

சொந்த வீட்டையும் அவர் விடவில்லை. குழம்பில் உப்பு அதிகம் என்று அவருடைய அம்மாவுக்கும் மனைவிக்கும் ஒரு நாள் வாய்த்தகராறு முற்றியது. "ஒருத்திக்கு நான் மகன், இன்னொருத்திக்கு புருஷன். எனக்கு இதை விசாரிக்க யோக்கியதை இல்லை" என்று சொல்லி, அடுத்த வீட்டுக்காரரைக் கையைப் பிடித்து இழுத்து வந்தார். அவர் குழம்பை ஊற்றி ஒரு கவளம் வாயில் வைக்கும்போது, அந்த வீட்டார் எப்போதோ தன் மனைவியிடம் காப்பிப்பொடி கடன் வாங்கியது அண்ணாச்சிக்கு ஞாபகம் வந்துவிட்டது. "எந்திரியும்வே" என்று பாதிச் சாப்பாட்டில் எழுப்பிவிட்டார். மாமியாரும் மருமகளும் அன்றைக்கு ஒன்றாகச் சேர்ந்து அவரைத் திட்டினார்கள். கமிஷனுக்கு அது வெற்றி என்பது அவர் கட்சி.

அவருடைய கிளப் போலீஸ் ஸ்டேஷனுக்கு நேர் எதிரே இருந்தது. லாக்கப்பில் இருப்பவர்களுக்குச் சாப்பாடு அங்கிருந்துதான் போகும். அது சர்க்கார் காண்டிராக்ட். இலையில் கட்டி, மேலே நூல் சுற்றி அனுப்புவார். திருடனுக்கும் கொலைகாரனுக்கும் ஒரே அளவுதான். "உள்ளே இருக்கவனுக்கு இன்னும் தீர்ப்பு வரலை. நான் ஏன் சட்டினியைக் குறைக்கணும்?" என்று கேட்பார்.

இதுவரை சிரிப்பதற்கு இடமுண்டு.

பனவடலிசத்திரம் பக்கத்தில் சுடலை என்று ஒரு கீதாரி இருந்தார். கீதாரி என்றால் ஆட்டு மந்தை மேய்ப்பவர். ஒரு பெரிய புஞ்சைக்காரரின் கிடாய்கள் காணாமல்போய், சந்தேகத்தின் பேரில் சுடலையைப் பிடித்து வந்து லாக்கப்பில் போட்டார்கள். அன்று சாயங்காலம் போன சோற்றுப் பொட்டலம் நூல் பிரியாமல் திரும்பி வந்தது. மறுநாள் காலையில் ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்து, சுடலைக்கு இட்லி வேண்டும் என்று கேட்டார். கிளப்பில் வேலையாள் வராததால் அண்ணாச்சியே எடுத்துப் போனார்.

சுடலை சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். "தூங்குதான், வச்சிட்டுப் போங்க" என்றார் ஏட்டையா. அண்ணாச்சி குனிந்து பொட்டலத்தை வைத்தார். அந்த மனிதரின் வாயோரத்தில் எறும்புகள் ஊர்ந்துகொண்டிருந்தன. சுடலை அதைத் தட்டிவிடவில்லை.

மத்தியானம் ஊரெல்லாம் ஒரு சேதி பரவியது. கீதாரி காலையில் இட்லி சாப்பிட்டானாம். வெளிக்குப் போக வேண்டும் என்று கேட்டானாம். கூட்டிப் போன போலீஸ்காரரைத் தள்ளிவிட்டு ஓடி, ஊருக்கு வெளியே பாழுங்கிணற்றில் குதித்துவிட்டானாம். பிணத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போட ஊர்ப் பெரிய மனிதர்கள் ஐந்து பேரைக் கூப்பிடுவது வழக்கம். எப்போதும் கூப்பிடுகிற அதே ஐந்து பேர் வந்தார்கள், கையெழுத்துப் போட்டார்கள், போனார்கள்.

சுடலையின் மனைவி மாரிக்குப் புருஷன் மட்டும் போகவில்லை. எங்கள் பக்கத்தில் அறுவடை முடிந்த புஞ்சையில் இரவு மந்தையை அடைத்து வைப்பதைக் கிடை போடுவது என்பார்கள். ஆட்டுப் புழுக்கை நிலத்துக்கு உரம். நிலக்காரர் கொடுக்கிற தானியம் கீதாரிக்குச் சாப்பாடு. கிணற்றில் குதித்தான் என்ற சேதி பரவியதும் மாரியின் கிடையை எல்லா நிலத்திலிருந்தும் எழுப்பிவிட்டார்கள். "குத்தம் இல்லாதவன் எதுக்கு ஓடுதான்?" என்பது ஒரே பேச்சு. சுடலை ஓடவில்லை, ஸ்டேஷனுக்குள்தான் செத்தார் என்று யாராவது ஊர் கேட்கச் சொன்னால்தான் மாரிக்கு நாளைக்குக் கஞ்சி.

சப் இன்ஸ்பெக்டர் கிளப்புக்கு வந்தார். காபி குடித்தார். "டெபுடி சூப்பிரண்டு விசாரணைக்கு வாராரு. இட்லியைச் சாப்பிட்டான்னு ஒரு வார்த்தை சொல்லிரும் அண்ணாச்சி" என்றார்.

"பொட்டலத்தைப் பிரிக்கவே இல்லையே, எசமான்."

"நீரு திரும்பி வந்த பொறவு பிரிச்சான்."

"செத்தவன் பிரிக்க மாட்டானே."

சப் இன்ஸ்பெக்டர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். அண்ணாச்சி நான் காபி குடித்துக்கொண்டிருந்த மேஜைக்கு வந்தார். "போலீஸ் செஞ்சதைப் போலீஸே விசாரிக்குதாம்வே. என் காப்பியை நானே குடிச்சிட்டு, ரொம்ப நல்லாருக்குன்னு நானே தலையை ஆட்டுத மாதிரி. இந்தியா பூராவுக்கும் ஒரு கமிஷன் வேணும். அதுலே போலீஸ்காரன் இருக்கப்படாது. போலீஸுக்கு வேண்டியவன் இருக்கப்படாது. வேண்டாதவனும் இருக்கப்படாது."

"டில்லியில் கேட்பார்களா?"

"டில்லி கேக்குத அன்னைக்குக் கேக்கட்டும். சங்கரன்கோயில்லே நாம ஆரம்பிப்போம்."

முதலில் அவர் நீக்கியது தன்னைத்தான். "காண்டிராக்ட்காரன், அதோட சாட்சி. மெம்பரா இருக்க முடியாது." இரண்டாவது நான். "நீரு காலம்பற எந்திச்சதும் எங்க போறீரு? ஸ்டேஷனுக்கு. ஏட்டையா சொன்னாத்தான் உமக்குச் சேதி. உம்மைச் சேர்த்தா ஏட்டையாவைச் சேர்த்த மாதிரி."

அதன் பிறகு ஊர் முழுக்க ஆள் தேடினார். அவரோடு நானும் சுற்றினேன். ஒரு சிறிய ஊரில் போலீஸோடு சம்பந்தமே இல்லாத மனிதரைக் கண்டுபிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஹெட்மாஸ்டர் சம்மதித்தார், ஆனால் சப் இன்ஸ்பெக்டரின் பிள்ளை அவர் பள்ளியில் கணக்கில் பாஸாகியிருந்தான். "அந்தப் பய கணக்கு எனக்குத் தெரியும். கிளப்புக்கு வந்தா மீதிச் சில்லறை சரியா வாங்கத் தெரியாது. அவன் பாஸ்னா நீரு அவுட்" என்றார் அண்ணாச்சி. வக்கீல் போலீஸ் கேஸில் பிழைக்கிறவர். கோயில்காரர்களுக்கு ஆடித்தபசுத் திருவிழா பந்தோபஸ்துக்குப் போலீஸ் வேண்டும். நாவிதர் ஏட்டையாவுக்குச் சவரம் செய்கிறவர். "கத்தியை வச்சிக்கிட்டு அவ்வளவு கிட்டக்க நின்னும் ஒண்ணும் செய்யலைன்னா நீ அவருக்கு வேண்டியவன்தாம்லே" என்று அவரையும் தள்ளிவிட்டார்.

வெளியூர் ஆள்தான் சரி என்று புளியங்குடிக்குப் பஸ் ஏறி, ஒரு எலுமிச்சை வியாபாரியைக் கூட்டி வந்தார். நல்ல மனிதர். வந்த களைப்புத் தீரக் காபி குடித்தவர், "நமக்குப் போலீஸோட ஒரு வழக்கும் கிடையாது அண்ணாச்சி. வண்டி இந்த ஊரைத் தாண்டும்போது ஒரு கூடை பழத்தை ஸ்டேஷன்லே இறக்கிட்டாப் போதும், ஒருத்தரும் ஒண்ணும் கேக்க மாட்டாவ" என்றார். அண்ணாச்சி பஸ் ஸ்டாண்டு வரை அவரே போய் ஏற்றிவிட்டு வந்தார்.

கடைசியில் சிவகிரிப் பக்கத்திலிருந்து ஒரு சாமியார் கிடைத்தார். பல வருஷமாக மௌன விரதம். யாரோடும் பேச்சில்லை, கொடுக்கல் வாங்கல் இல்லை. "இவருதாம்வே சேர்மன்" என்று அண்ணாச்சி கண்கலங்கிவிட்டார்.

"தீர்ப்பை எப்படிச் சொல்லுவார்?"

"தலையை ஆட்டுவாரு. மேலே கீழே ஆட்டினா செத்தது ஸ்டேஷன்லே. பக்கத்துலே ஆட்டினா கெணத்துலே."

கமிஷன் கூடிய அன்று மாடியில் கூட்டம் தாங்கவில்லை. மாரியும் வந்து ஓரமாக நின்றாள். வெயிலில் நடந்து வந்தவள். கிளப் பையன் ஒருவன் அவளுக்கு ஒரு டம்ளர் காபி கொண்டு போனான், அண்ணாச்சி தடுத்தார். "காசு வாங்கிக்கிட்டுக் கொடு. சாட்சி சொல்லுதவன் வாதிக்கு ஓசிக்காப்பி கொடுத்தான்னு நாளைக்கு ஒருத்தன் சொல்லப்படாது." கூட்டம் முணுமுணுத்தது. மாரி முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காசு கொடுத்துக் குடித்தாள்.

அண்ணாச்சி எழுந்து சாமியாரைக் கும்பிட்டார். "சுடலைக்கு இட்லி கொண்டு போனவன் நான்" என்று ஆரம்பித்தார். எறும்பு வரைக்கும் வரவில்லை. அதற்குள் மாடிப்படியில் பூட்ஸ் சத்தம் கேட்டது. அனுமதியில்லாமல் கூட்டம் கூட்டியதாக அவரை இறக்கிக் கூட்டிப் போனார்கள். சேர்மனைச் சிவகிரி பஸ்ஸில் ஏற்றி அனுப்பினார்கள். அவர் எந்தப் பக்கமும் தலையை ஆட்டவில்லை.

சில நாள் கழித்து அண்ணாச்சி வெளியே வந்தார். எதிரே இருக்கிற கிளப்புக்குத் தெருவைக் கடக்க அவருக்கு வெகு நேரம் ஆயிற்று. இடது கால் தரையில் பாவவில்லை. மேல்சட்டையைக் கழற்ற மாட்டேன் என்று மனைவியிடம் சொல்லிவிட்டாராம்.

"உள்ளே என்ன நடந்தது அண்ணாச்சி?"

"அதைச் சொல்ல மாட்டேன். சொன்னா கோவத்துலே சொன்னதாயிரும்." இடது காலைக் கையால் தூக்கி நீட்டி வைத்துக்கொண்டார். "முந்தி எனக்கு அவனுக மேலே ஒண்ணும் கிடையாதுவே. இப்போ இருக்கு. கண்ணை மூடினா அவனுக மூஞ்சிதான் வருது. இதை டெபுடி சூப்பிரண்டுகிட்டே முதல்லேயே சொல்லிரணும்."

"ஐயையோ, சொல்லாதீர்கள்" என்றேன்.

"மறைச்சா அது சாட்சியாவே?"

விசாரணை பயணியர் பங்களாவில் நடந்தது. ஊரில் வேறு எவரும் சாட்சி சொல்ல வரவில்லை. அண்ணாச்சி நொண்டிக்கொண்டு போய் நின்று, "அய்யா, எனக்குப் போலீஸ் மேலே கோவம் இருக்கு. அதைத் தள்ளிட்டு நான் சொல்லுததைக் கேளுங்க" என்று தொடங்கி, நூல் பிரியாத சோற்றையும் எறும்பையும் சொல்லி முடித்தார். டெபுடி சூப்பிரண்டு மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். முதல் வாக்கியத்தை மட்டும் எழுதிக்கொண்டார். சாட்சிக்குப் போலீஸ் மீது விரோதம் உண்டு என்பதைச் சாட்சியே ஒப்புக்கொண்டுவிட்டதால், கீதாரி கிணற்றில் விழுந்து இறந்தார் என்று முடிவாயிற்று. எங்கள் பத்திரிகை அதை மூன்று வரியில் போட்டது.

லாக்கப் சாப்பாட்டுக் காண்டிராக்ட் வேறு கிளப்புக்குப் போனது. போலீஸ்காரர்கள் வாசலில் நின்று பார்ப்பதால் மற்றவர்களும் வருவதைக் குறைத்துக்கொண்டார்கள். மாரி மந்தையை ரோட்டோரம் வைத்துக்கொண்டு, அடைக்க இடமில்லாமல் அலைந்தாள். ஆடுகளை அடிமாட்டு விலைக்குக் கேட்க ஒருவன் தினமும் வந்துகொண்டிருந்தான்.

ஒரு நாள் அவள் கிளப் வாசலில் வந்து நின்றாள். "எல்லாத்தையும் வித்துட்டு அருப்புக்கோட்டைப் பக்கம் போறேன், மொதலாளி. எனக்காக அடி வாங்கினீயளே, அதான் சொல்லிட்டுப் போலாம்னு."

அண்ணாச்சி அவள் முகத்தை நேராகப் பார்த்தது அன்றுதான் முதல் தடவை. "உக்காரு தாயி" என்றார். அவரே காபி போட்டு ஆற்றிக் கொடுத்தார். அவள் முடிச்சை அவிழ்க்கப் போனாள்.

"காசை உள்ளே வை. நான் இப்போ சாட்சியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. எவன் எங்கிட்டே யோக்கியதை கேக்கப் போறான்? சத்திரம் ரோட்டுலே எனக்கு ஒரு புஞ்சை கிடக்கு. இன்னைக்கே கிடையை அங்கன அடை."

மறுநாள் காலையில் சைக்கிளில் போனேன். கரிசல் புஞ்சை நிறைய ஆடுகள். அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒரு கம்பை ஊன்றி நடுவில் நின்றார். வரப்பில் பக்கத்துப் புஞ்சைக்காரர் ஒருவர் நின்று கத்திக்கொண்டிருந்தார்.

"என்ன அண்ணாச்சி, திருட்டுப்பய கிடையைக் கொண்டாந்து அடைச்சிருக்கீரு!"

"ஏலே, யாரைத் திருடன்கிறே? அவன் ஓடவும் இல்லை, குதிக்கவும் இல்லை. ஸ்டேஷன்லே செத்துக் கிடந்தான். வாயிலே எறும்பு ஊந்துச்சு. இட்லி கொண்டுபோன நான் சொல்லுதேன்."

"சர்க்கார்லே வேற மாதிரி எழுதிட்டாவளே?"

"சர்க்கார் புஞ்சையிலே அப்படி எழுதி வச்சிக்கிடட்டும். இது என் புஞ்சை."

அந்த மனிதர் ஆடுகளைப் பார்த்தார். அண்ணாச்சியின் காலைப் பார்த்தார். வரப்பிலிருந்து இறங்கி நாலு எட்டுப் போனவர் திரும்பி, "இங்கன முடிஞ்சதும் நம்ம புஞ்சையிலே ரெண்டு ராத்திரி அடைக்கச் சொல்லும்" என்றார். மாரி ஆடுகளுக்கு அந்தப் பக்கம் குத்தவைத்து உட்கார்ந்து, முந்தானையில் முகத்தை மூடிக்கொண்டாள்.

அண்ணாச்சி அப்போதுதான் என்னைக் கவனித்தார். "நீரு எதுக்குவே இங்கன வந்தீரு? பத்திரிகைக்காரன் ரெண்டு பக்கத்துக்கும் நடுவுலேல்லா நிக்கணும்?"

நான் சைக்கிளை ரோட்டோரம் சாய்த்துவிட்டு, முள்வேலியைத் தாண்டி, அவர் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன்.