ஏகமனதாகப் பகா எண்

எண்களுக்குள் பகா எண்ணைப் போன்ற மானஸ்தன் கிடையாது. ஒன்றைத் தவிர, தன்னைத் தவிர, வேறு யார் வகுக்க வந்தாலும் மிச்சம் வைத்துத் திருப்பி அனுப்பிவிடும். நூற்றுக்கணக்கான இலக்கங்கள் கொண்ட அப்படியொரு எண்ணை உலகுக்கு அளித்த பெருமை அந்தக் கணித ஆய்வு நிலையத்துக்கு உண்டு. கண்டுபிடித்தது கணினி. சரிபார்த்தது 'தற்காலிகம்'. பெருமைப்பட்டது இயக்குநர்.

தற்காலிகம் என்பது பட்டப்பெயர். வேலைக்குச் சேர்ந்தபோது அவருக்குத் தலை நிறைய முடி இருந்தது. பணி இன்னும் நிரந்தரமாகவில்லை; முடிதான் விடைபெற்றுக்கொண்டது. எண்ணைச் சலவைக்கல்லில் வெட்டி முன்கூடத்தில் பதிக்கும் விழா முடிந்த கையோடு அவரை நிரந்தரமாக்குவதாக இயக்குநர் வாக்குக் கொடுத்திருந்தார்.

விழாவன்று காலை தற்காலிகம் கல்லின் கடைசி வரியை விரலால் தொட்டு எண்ணினார்.

"என்னங்க, கடைசி மூணு இலக்கத்தைக் காணோம்?"

கல் வெட்டுபவர் உளியைத் துடைத்தார். "கல்லு முடிஞ்சிருச்சு சார். மேல ஐயா பேரைப் பெருசாப் போடச் சொன்னாங்க. கீழ இடம் பத்தலை."

"எட்டுல முடியுதே! ரெண்டால வகுபடுமே!"

"கல்லுல இருக்கறதை யாரு சார் வகுக்கப் போறா?"

அவசரக் கூட்டம் கூடியது. குழுவுக்கு ஏழு பேர் வேண்டும். ஆறு பேர்தான் இருந்தார்கள். எண்ணிக்கைக்காகத் தற்காலிகத்துக்கும் ஒரு நாற்காலி போட்டார்கள்.

"என் பேரைக் கொஞ்சம் சின்னதாக்கிடலாமா?" என்றார் இயக்குநர், தியாகத் தொனியில்.

"ஐயோ சார், அந்த மாதிரியெல்லாம் பேசாதீங்க!" நிர்வாக அதிகாரி அம்மையாருக்குக் குரல் தழுதழுத்தது. "மூணே மூணு இலக்கம். மத்ததெல்லாம் சரியாத்தானே இருக்கு? முதல் வகுப்புல பாஸ்!"

"மேடம், இது இரட்டைப்படை எண். பாத்தாலே தெரியுது," என்றார் தற்காலிகம்.

"பாத்தாலே தெரியறதெல்லாம் ஆராய்ச்சியாய்யா?" என்று துணை இயக்குநர் சீறினார். "அப்புறம் நாம எதுக்கு இருக்கோம்?"

நியாயமான கேள்வி.

"வாக்கெடுப்பு வெச்சிடுவோம்," என்றார் இயக்குநர். "இது பகா எண்தான்னு நினைக்கறவங்க கை தூக்குங்க."

ஆறு கைகள் உயர்ந்தன. ஆறு ஜோடிக் கண்கள் ஏழாவது நாற்காலிக்குத் திரும்பின.

தற்காலிகத்துக்கு மனைவி காலையில் சொன்னது நினைவுக்கு வந்தது. "இன்னைக்கு ஒருநாளாவது வாயைக் கொடுத்து மாட்டிக்காம வாங்க. வாடகைக்கு வீடு கேட்டாக்கூட, உங்க வீட்டுக்காரருக்கு நிரந்தர வேலையான்னு கேட்டுட்டுக் கதவைச் சாத்தறாங்க."

அவர் மனத்துக்குள் அந்த எண்ணை இரண்டால் வகுத்துப் பார்த்தார். மிச்சமே இல்லாமல் வகுபட்டது. பிறகு கையைத் தூக்கினார்.

"ஏகமனது!" இயக்குநரின் கண்கள் பனித்தன. "எவ்வளவு சுலபமா முடிஞ்சுது பாத்தீங்களா? இதுக்குப் போய் இத்தனை வருஷமா ஒரு ஆளைப் போட்டுச் சரிபார்த்துக்கிட்டு இருந்தோமே! சரிபார்ப்பாளர் வேலையே இனிமே வேண்டாம்கறவங்க?"

மீண்டும் ஆறு கைகள் உயர்ந்தன. இயக்குநர் ஏழு என்று எண்ணினார். அவர் எண்ணியது சரிதான். தற்காலிகத்தின் கை முதல் தீர்மானத்துக்குத் தூக்கியபடியே நின்றது. அதை இறக்கும்படி யாரும் சொல்லவில்லை; யாரும் சொல்லாமல் எதையும் செய்து அவருக்குப் பழக்கமில்லை.