அப்பாவின் இரண்டாம் காகிதம்

நெப்ராஸ்கா,
ஜூன் 20, 1918.

பெருமதிப்பிற்குரிய அண்ணன் ஐலெர்ட் யான்சன் அவர்களின் சமூகத்துக்கு, தம்பி ஹார்ம் பணிவுடன் எழுதிக்கொண்டது. தாங்களும் அண்ணியும் பிள்ளைகளும் சௌக்கியமாக இருக்கக் கர்த்தரை வேண்டுகிறேன். இங்கே நாங்களும் அவ்வண்ணமே என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் போன வாரம் செவ்வாய்க்கிழமை முதல் நான் அமெரிக்காவின் எதிரி நாட்டான். எனக்கே இன்னும் நம்பிக்கை வரவில்லை.

பதினோரு வருஷமாக இந்த ஊர்ச் சாலைகளுக்கு நான்தான் மேற்பார்வையாளன் என்பது தங்களுக்குத் தெரியும். ஜெர்மனியோடு யுத்தம் நடப்பதால், பதவியில் இருப்பவர்கள் எல்லாரும் குடியுரிமைக் காகிதத்தைக் காட்ட வேண்டும் என்று உத்தரவு வந்தது. எனக்கென்ன பயம் என்று பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டு, அப்பா பத்திரமாக வைத்திருந்த காகிதத்தையும் எடுத்துக்கொண்டு போனேன். ஃபெரிஸ் என்ற அந்தச் சின்ன வயது குமாஸ்தா அதை இரண்டு தடவை திருப்பிப் பார்த்தான். "பெரியவரே, இது முதல் காகிதம். குடிமகனா ஆகணும்னு உங்கப்பா ஆசைப்பட்டார்னுதான் இதுல இருக்கு. ஆனாரான்னு இல்லியே" என்றான்.

நம்மவர்கள் செய்த வேலைதான் தெரியுமே, அண்ணா. இந்த மாநிலத்தில் முதல் காகிதம் இருந்தாலே ஓட்டுப் போடலாம். ஓட்டு வந்துவிட்டது, இனி இரண்டாம் காகிதத்துக்காக அறுவடையை விட்டுவிட்டு எவன் கோர்ட்டுக்கு அலைவான் என்று பாதிப் பேர் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். அப்பாவும் அப்படித்தான் இருந்தாரோ என்னவோ. எனக்கு இருபத்தொன்று ஆவதற்குள் அவர் இரண்டாவதையும் வாங்கியிருந்தால் நானும் குடிமகன். இல்லையென்றால் ஒன்பது வயதில் ஜெர்மனியிலிருந்து வந்து கப்பலை விட்டு இறங்கிய அந்நியப் பயல்தான் இன்னமும். இதில் நான் ஜூரியில் வேறு உட்கார்ந்து ஒரு குதிரைத் திருடனை ஜெயிலுக்கு அனுப்பியிருக்கிறேன். அவன் இப்போது எங்கே இருக்கிறானோ, என்னைத் தேடி வருவானோ என்று அதுவும் ஒரு கிலி. பெரிய கிலி என்னவென்றால், ஜெர்மானிய ஆண்கள் பிப்ரவரியிலேயே தபால் ஆபீசில் பெயரைப் பதிந்திருக்க வேண்டும். அன்றைக்கு நான் அந்த வாசலில் நின்று, வரிசையில் இருந்தவர்களைப் பார்த்து உச்சுக்கொட்டிவிட்டு, பதிந்துவிட்டு வந்த கிழவர் ஃப்ரெரிக்ஸை என் வண்டியில் வீட்டில் கொண்டுபோய் விட்டேன். பதியாமல் ஒளிந்தவர்களை முகாமுக்குக் கொண்டுபோகிறார்களாம்.

என் பெண்சாதி ட்ரீன்யேயின் கதைதான் இன்னும் கொடுமை. அவள் இங்கேயே, இல்லினாய் மாநிலத்தில் பிறந்தவள், அவள் அப்பா உள்நாட்டுப் போரில் இந்த நாட்டுக்காக ஒரு காலைக் கொடுத்தவர். இருந்தும் புருஷன் எந்த நாட்டானோ பெண்சாதியும் அந்த நாட்டாள் என்பது சட்டம். வருகிற இருபத்தாறாம் தேதிக்குள் அவள் போய்ப் பத்து விரலையும் மையில் தோய்த்துப் பதிய வேண்டும். தொப்பி இல்லாமல் நான்கு போட்டோவும் கொடுக்க வேண்டும். சேதியைச் சொன்னபோது அவள் அழவில்லை. "என்னை எதிரியாக்க அந்த ஜெர்மன் ராஜா கைசரால முடியல. நீங்க முடிச்சிட்டீங்க" என்றாள். அன்று முதல் காரச் சோப்பைப் போட்டுக் கையைத் தேய்த்தபடி இருக்கிறாள். ஏன் என்று கேட்டேன். "எதிரின்னு எழுதிக்கட்டும். அழுக்கு எதிரின்னு எழுதக்கூடாது" என்கிறாள். விரலெல்லாம் தோலுரிந்து கிடக்கிறது. என்னால் பார்க்க முடியவில்லை.

வெளியில் நம் பாஷை பேசவும் பயம். அக்கம்பக்கத்தார் காதில் விழக்கூடாதென்று பசுவிடம்கூட இங்கிலீஷில் பேசிப் பார்த்தேன். அது இருபது வருஷமாக நம் சொந்த ஊர் கிழக்கு ஃப்ரீஸ்லாந்துப் பேச்சைக் கேட்டே பழகிய வம்சம், வாளியை உதைத்துவிட்டுத் திரும்பி நின்றுகொண்டது. தொழுவத்துக் கதவைச் சாத்திவிட்டு ரகசியமாகக் கொஞ்சிய பிறகுதான் பால் வந்தது.

ஆகையால் அண்ணா, தங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன். அப்பாவின் பெட்டி தங்களிடம்தான் இருக்கிறது. இரண்டாம் காகிதம் அதில் இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லாவிட்டால், தாங்கள் அங்கே தேசபக்திக் குழுவின் தலைவர், எவன் வீட்டில் ஜெர்மன் பைபிள் இருக்கிறது என்று பட்டியல் எடுக்கிறவர், தங்கள் தம்பி யோக்கியன் என்று ஒரு வரி எழுதிக் கொடுங்கள். அப்பா காகிதமே நம் இரண்டு பேருக்கும் போதும் என்று சின்ன வயதிலிருந்து சொன்னதும் தாங்கள்தான். அண்ணிக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு எங்கள் ஆசி. கர்த்தர் தங்கள் வீட்டு வாசலைக் காப்பாராக.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிந்த தம்பி,
ஹார்ம்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது தபால்காரர் வந்தார். நம் பழைய மாவட்டத்துக் கோர்ட்டுக்கு நான் தனியாக எழுதிக் கேட்டிருந்தேன், பதில் வந்துவிட்டது. அப்பா இரண்டாம் காகிதம் வாங்கியிருக்கிறார். 1880 அக்டோபரில். எனக்கு அப்போது இருபது. நான் குடிமகன். ட்ரீன்யே சோப்பைக் கீழே வைத்துவிட்டு இப்போதுதான் அழுகிறாள்.

அண்ணா, அன்றைக்கு உங்களுக்கு இருபத்து மூன்று. அந்தக் காகிதத்தில் நீங்கள் வர மாட்டீர்கள். தனியாக வாங்கியிருக்கிறீர்களா? இல்லையென்றால் மேலே கேட்டதையெல்லாம் மறந்துவிடுங்கள், குழுக் கூட்டத்துக்கும் போகாதீர்கள், யாரிடமும் வாயைத் திறக்காதீர்கள். அண்ணியும் கையைச் சுத்தமாக வைத்திருக்கட்டும். தபால் ஆபீசில் உங்கள் பக்கத்தில் நிற்க ஒரு குடிமகன் இருந்தால் நல்லதாம். நாளை ரயிலில் வருகிறேன்.