ரைட்டர் வட்டத்துக்குக் கோடு இல்லை

எனக்கு மூளை கொஞ்சம் அதிகம் என்று இருபத்து நாலு வயதில் நான் நம்பினேன். அதை நிரூபிக்கப் போய் ஒரு குடும்பத்தை நடுத்தெருவில் நிறுத்தினேன். சிரிப்புக் கதைதான், தாராளமாகச் சிரியுங்கள். எனக்குத்தான் இன்னமும் முழுசாகச் சிரிப்பு வருவதில்லை.

எண்பதுகளில் மலைமேல் வெள்ளக்கடை என்கிற ஊர்ப் பக்கம் ஒரு காபி எஸ்டேட்டில் நான் ரைட்டர். (கதை கிதை எழுதுகிறவன் என்று நினைத்துவிடாதீர்கள். யார் வேலைக்கு வந்தார்கள், யார் வரவில்லை என்று எழுதுகிறவன்.) ஆடி மழைக்குத் தொழிலாளர் வீடுகளின் கூரை சல்லடையாக ஒழுகும். புதுக் கூரை கேட்க ரகசியமாக ஒரு சங்கம் திரட்டினான் என் வயசுத் தொழிலாளியான காளியண்ணன். மனு எழுதிக் கொடுத்தவன் நான். வெளியே தெரிந்தால் அவனுக்கு வேலையும் போகும், எஸ்டேட் வீடும் போகும். அவன் மனைவி ராசம்மாளுக்கு அப்போது நிறைமாதம்.

எங்கள் மேனேஜர் கோயமுத்தூர்ப் பக்கத்துக்காரர். அதிர்ந்து பேசமாட்டார், அதுதான் ஆபத்தே. ஒருநாள் கூப்பிட்டார்.

"ஏனுங்க ரைட்டர், நம்ம எஸ்டேட்ல யாரு ஊட்டுல யாரு கை நனைப்பாங்கன்னு படமாட்டம் போட்டுக் குடுங்க. பேருக்கு ஒரு வட்டம், சோறு திங்கற ஊட்டுக்கு ஒரு கோடு. எந்த வட்டத்துல கோடு நொம்ப விழுதுன்னு பாக்கோணும்."

கை நனைப்பது என்றால் எங்கள் பக்கம் சும்மா சாப்பிடுவது இல்லை, உறவு கொண்டாடிச் சாப்பிடுவது. உள்ளபடி கோடு போட்டால் பாதி எஸ்டேட் காளியண்ணன் வீட்டில் போய் முட்டும், சங்கத்துக்குத் தலை யார் என்று தெரிந்துவிடும்.

அன்றைக்கே அவனிடம் சொன்னேன். "இனிமே நாம பேசிக்கவே வேண்டாம். மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

"பாத்துங்க, நொம்பப் புத்தியக் காட்டிறாதீங்க" என்றான். கேட்டேனா?

மற்றவர்களுக்கு ஆளுக்கு நாலைந்து கோடுகள் இழுத்தேன். காளியண்ணன் வட்டத்துக்கு ஒன்றுகூட இல்லை. எதற்கும் இருக்கட்டும் என்று என் வட்டத்துக்கும் போடவில்லை. தாளைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தபோது எனக்கே என் மேல் மரியாதை வந்தது.

நடிப்பும் பிரமாதம். ஒண்டிக்கடை முக்கு டீக்கடையில் அவன் எதிரே வர, நான் முகத்தைத் திருப்பிய வேகத்தில் கழுத்து சுளுக்கி ஒரு வாரம் எண்ணெய் போட்டு நீவினேன். அந்த வாரமே ராசம்மாளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. எஸ்டேட்டே போய்ப் பார்த்தது. நான் போகவில்லை. மழையில் குடையைத் தாழ்த்திக்கொண்டு அவர்கள் வாசலைக் கடந்தேன். "ரைட்டர் பாக்காமப் போறாரு பாரு" என்று ராசம்மாள் உள்ளே சொன்னது காதில் விழுந்தது. எங்கள் ஏற்பாடு அப்போது அவளுக்குத் தெரியாது.

சில நாள் கழித்து மேனேஜர் படத்தை மேசையில் விரித்தார்.

"கொழந்தயப் பாக்க நானும் போயிருந்தனுங்க. நிக்க எடமில்ல, அத்தன சனம். உங்க படத்துல அந்த ஊட்டுக்கு ஒரு நாதியில்ல. ஏன் மறைச்சீங்கன்னு ரோசன பண்ணுனேன். அங்க வராத ஒரே ஆளு நீங்க. இந்தப் படத்துலயும் உங்களுக்கு யாருமே இல்ல. இந்த மலைல நாய்க்குக்கூட நாலு ஊடு இருக்குதுங்க."

வாயைத் திறந்தேன். அத்தனை மூளையும் சேர்ந்து தந்தது ஒரே ஒரு பதில். "மை தீந்து போச்சுங்க." (சத்தியமாக இதைத்தான் சொன்னேன்.)

மறுநாளே காளியண்ணனை வேலையை விட்டு நிறுத்தினார்கள். பச்சைக் குழந்தையைக் கம்பளியில் சுற்றிக்கொண்டு ராசம்மாள் மழையோடு அடிவாரத்துக் குப்பனூருக்கு இறங்கிப் போனாள். என்னை அனுப்பவில்லை. "நீங்க இருங்க, கையெழுத்து அழகா இருக்குது" என்றார் மேனேஜர். நான்தான் காட்டிக் கொடுத்தேன் என்று எஸ்டேட் முடிவு கட்டியது. ஒருவரும் என் வீட்டுக்கு வரவில்லை, ஒரு விசேஷத்துக்கும் என்னைக் கூப்பிடவில்லை. அந்தப் பொய்ப் படத்தில் என் வட்டம் மட்டும் நிஜமாகிவிட்டது. ஆறே மாதத்தில் நானும் மலையை விட்டு இறங்கினேன்.

காளியண்ணன் குப்பனூரில் கடை போட்டுத் தேறிவிட்டான். என்னைத் தேடிவந்து மன்னித்தான், பாவி. இந்தக் கதையை என்னைவிட நன்றாகச் சொல்வான். எங்கள் இரண்டு வீட்டிலும் யார் பொய் சொல்லி மாட்டினாலும் "மை தீந்து போச்சுங்களா?" என்று கேட்டு எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். ராசம்மாள் மட்டும் ஒருநாளும் சிரித்ததில்லை.

நான் போகும்போதெல்லாம் இலை போடுவாள், சோறு வைப்பாள், தண்ணீர்ச் செம்பை என் பக்கம் நகர்த்துவாள்.

"கை நனைங்க. யாருக்குந் தெரியாது."